இரண்டு பாட்டில் தண்ணீர் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஆஸ்திரேலியாவின் நலர்பார் சமவெளியைச் சைக்கிளில் கடப்பது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். காலைக் காப்பியோடு உட்கார்ந்து படித்தேன். படங்கள் அருமை. எழுதியவர் அந்தச் சாலையில் காரில் போனாரா, இல்லை போகவே இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சைக்கிளில் போகவில்லை என்று மட்டும் அடித்துச் சொல்வேன். போயிருந்தால், "நூறு கிலோமீட்டருக்கு ஒரு கடை இருப்பதால் இரண்டு பாட்டில் தண்ணீர் போதும்" என்று எழுத அவருக்குக் கை வந்திருக்காது.

நான் போயிருக்கிறேன். 2023 ஆகஸ்டில், என் 62ஆவது வயதில், மேற்கே நார்ஸ்மனில் தொடங்கிக் கிழக்கே செடூனா வரை சுமார் 1,200 கிலோமீட்டர், 15 நாட்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்கள் பத்திரிகை போகும் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் பெர்த்திலும் அடிலெய்டிலும் மெல்பர்னிலும் படிக்கிறார்கள். அப்பா அனுப்பிய கட்டுரைப் படத்தை வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, டிசம்பர் லீவில் இரண்டு பாட்டிலோடு ஒரு பையன் கிளம்பிவிட்டால் என்ன ஆவது? அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நாகர்கோவிலில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவன். 1983இல் சேர்ந்தேன், மோர்ஸ் சாவியில் தட்டப் பழகிய கை. வீடு வள்ளியூர். வாரத்தில் ஒரு நாளாவது முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாகச் சைக்கிளிலேயே வேலைக்குப் போவேன். அந்தக் கணவாயில் ஆனி ஆடி மாதத்துக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். ஓய்வுபெற்ற பிறகு பி.ஆர்.எம். என்ற நெடுந்தூர ஓட்டங்களில் 600 கிலோமீட்டரை 40 மணி நேரக் கெடுவுக்குள் ஓட்டி முடித்திருக்கிறேன். ஆக, சோம்பேறியின் புலம்பல் இல்லை இது.

மகள் பெர்த்தில் இருக்கிறாள். கைபேசியில் வரைபடத்தைக் காட்டி, "என்னப்பா இது, ரோட்டைத் தவிர ஒண்ணுமே இல்லியே" என்றாள். என் மனைவிக்கு நலர்பார் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. 'நல்லார் பார்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்த நல்லார்பாருக்குப் போயிட்டு வாங்க. ஆனா சிக்னல் கிடைக்கிற எடத்துலயெல்லாம் ஒரு போன் போட்டாகணும்." மாப்பிள்ளை காரில் கொண்டுவந்து நார்ஸ்மனில் இறக்கிவிட்டார். அதுவே பெர்த்திலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

அங்கே ரோடுஹவுஸ் என்றால் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக்கடை, தங்குமிடம் மூன்றும் ஒன்றாக இருக்கும் இடம். பெரும்பாலும் அதைச் சுற்றி ஊர் என்று ஒன்று கிடையாது. நார்ஸ்மனை விட்டால் அடுத்தது பாலடோனியா, 190 கிலோமீட்டர். நடுவில் ஒரு பழைய பண்ணையில் தங்கலாம். பாலடோனியாவிலிருந்து கைகுனா 182 கிலோமீட்டர். இதில் நடுவில் ஒரு குழாய்கூட இல்லை. பிறகு கொஞ்சம் தாராளம்: காக்கிள்பிடி 65, மதுரா 90, மண்ட்ராபில்லா 116, யூக்ளா 66, அங்கிருந்து 12 கிலோமீட்டரில் மாநில எல்லை. எல்லைக் கடையை விட்டால் மறுபடியும் 185 கிலோமீட்டர் வெறும் சாலை, நலர்பார் ரோடுஹவுஸ் வரை. அதன்பின் நண்ட்ரூ 145, பெனாங் 78, செடூனா 73. கட்டுரையாளர் மொத்தத் தூரத்தைக் கடைகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி கண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். சராசரித் தண்ணீரைக் குடிக்க முடியாது.

சுமையோடு போகிறவன் ஒரு நாளைக்கு 90, 100 கிலோமீட்டர் ஓட்டுவான். அப்படியானால் 180 கிலோமீட்டர் என்பது இரண்டு பகல், ஓர் இரவு. குளிர்காலத்திலேயே குடிக்கவும் சமைக்கவும் எனக்கு நாளுக்கு ஆறு லிட்டர் ஆனது. ஆக 12 லிட்டர், அதாவது 12 கிலோ எடை. சில ஓய்விடங்களில் மழைநீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். நான் திறந்த ஒன்றில் தண்ணீர் வந்தது, இன்னொன்றில் காற்று வந்தது. ரோடுஹவுஸ்களிலும் 'ரொப்பிக்கொள்' என்று குழாயைக் காட்டிவிட மாட்டார்கள். நிலத்தடி நீர் உப்பு. அதைச் சுத்திகரித்தோ லாரியில் வரவழைத்தோதான் அவர்களே குடிக்கிறார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டும், கேட்கும்போது பணிவாகக் கேட்க வேண்டும்.

ஏன் இப்படி என்றால், அந்தச் சமவெளி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர். பெய்கிற கொஞ்ச மழையும் ஓட்டை வழியாக இறங்கிவிடும், மேலே ஓர் ஆறு கிடையாது. கைகுனாவுக்குச் சற்று முன்னால் சாலையோரத்தில் பாறையில் ஒரு துளை இருக்கிறது. வெளியே காற்றழுத்தம் மாறும்போது அது காற்றை உள்ளே இழுக்கும், இல்லையென்றால் வெளியே ஊதும். நான் போனபோது வெளியே ஊதிக்கொண்டிருந்தது. கையை நீட்டிப் பார்த்தேன், கிணற்றடிக் குளிர்ச்சி. கீழே அவ்வளவு பெரிய குகைகள், மேலே குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

'டிசம்பர் விடுமுறையில் போகலாம்' என்றும் கட்டுரையில் இருக்கிறது. டிசம்பர் அங்கே கோடை. வெயில் 50 டிகிரியை நெருங்கிய நாட்கள் அந்தச் சாலையில் உண்டு. ஆகஸ்டில் எனக்கு இரவில் பல் கிட்டிப்போனது, பகலில் நம் மார்கழி வெயில். அதிலேயே ஆறு லிட்டர் என்றால் டிசம்பருக்குக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். மூன்றாம் நாள். பாலடோனியாவை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு பலகை: '90 மைல் நேர்ச்சாலை, 146.6 கிலோமீட்டர்'. ஒரு வளைவுகூட இல்லாத சாலை. ஆஸ்திரேலியாவிலேயே நீளமானது. மட்டமாக இருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை, தாலாட்டுவது போல ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் குட்டை மரங்கள். மதியத்துக்கு மேல் சைக்கிள் லேசாகிவிட்டது போல இருந்தது. காற்று திரும்பிவிட்டது, நல்ல காலம் பிறந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு மிதித்தேன். சாயங்காலம் சாலையை விட்டு உள்ளே தள்ளிக் கூடாரம் போடும்போதுதான் தெரிந்தது, ஆறு லிட்டர்ப் பையில் தையல் விட்டு, வழியெல்லாம் ஒழுகியிருக்கிறது. தாரில் விழுந்த சொட்டு உடனே காய்ந்துவிடும், திரும்பிப் பார்த்தாலும் தெரியாது. கையில் மிச்சம் மூன்றரை லிட்டர். கைகுனாவுக்கு இன்னும் 95 கிலோமீட்டர்.

அன்று சோறு பொங்கவில்லை. அவலை வெறுமனே மென்று வெல்லம் கடித்துக்கொண்டேன். மனைவி கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டில் முன்னால் இருக்கிறது, தொட பயம். உப்பும் காரமும் உள்ளே போனால் தண்ணீர் கேட்குமே. படுத்துக்கொண்டே சாலையைப் பார்த்தேன். தூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றி, அது வளர்ந்து, லாரியாகிக் கடந்து போக வெகுநேரம் ஆகிறது. அவ்வளவு நேரமும் 'எழுந்து போய்க் கையைக் காட்டுவோமா' என்று யோசிப்பேன். கௌரவம் விடவில்லை. கையில் மூன்றரை லிட்டர் இருப்பவன் பிச்சை கேட்கலாமா என்று மனசு வாதாடியது. முட்டாள்தனம்.

காலையில் எதிர்க்காற்று. பத்து மணிக்குள் ஒன்றரை லிட்டர் போய்விட்டது. அப்போது பின்னாலிருந்து வந்த ஒரு கேரவன் தானாகவே ஓரங்கட்டியது. எழுபதைத் தாண்டிய கணவன் மனைவி. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, வீட்டை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு நாட்டைச் சுற்றுகிறவர்கள், அங்கே அப்படி ஏராளம். நான் கேட்பதற்கு முன்பே அந்தம்மா "தண்ணீர் எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்றார். சொன்னேன். என் அக்கா திட்டுவது போலத் திட்டினார். நேற்று ராத்திரியே ஏன் ஒரு வண்டியை நிறுத்தவில்லை என்றார். ஐந்து லிட்டர் கேன் ஒன்று, இரண்டு ஆரஞ்சு, ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எதிரே வந்த ரோடு ட்ரெய்ன் என்ற நீள லாரி ஒன்று சின்னதாக இரண்டு ஹாரன் அடித்தது. அடுத்ததும் அடித்தது. நானும் பதிலுக்குக் கையை ஆட்டிக்கொண்டே போனேன். கைகுனாவுக்குப் போய்ச் சேர்ந்து கடைக்குள் நுழைந்தால், கல்லாவில் இருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தண்ணீர் ஒழுகிய ஆள் நீங்கள்தானே?" என்றான். கேரவன்காரர் தன் வண்டி ரேடியோவில் ஒரு லாரிக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர் எதிரே வந்தவரிடம் சொல்ல, 'சைக்கிளில் ஒரு கிழவர், மஞ்சள் சட்டை, இன்ன இடத்தில் வருகிறார், ஒதுங்கிப் போங்கள்' என்று செய்தி கைமாறிக் கைமாறி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. முப்பது வருஷம் மற்றவர்களுடைய செய்தியை அனுப்பியவன் நான். நானே ஒரு தந்தியாகப் போய்ச் சேர்ந்தது அன்றுதான்.

அதனால்தான் உங்கள் கட்டுரையில் லாரி ஓட்டுநர்களை 'எமகிங்கரர்கள்' என்று எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ரோடு ட்ரெய்ன் என்பது ஒரே இன்ஜின் பின்னால் இரண்டு மூன்று பெட்டி கோத்த வண்டி, முப்பது மீட்டருக்கு மேல் நீளம். அது கடக்கும்போது முதலில் காற்று நம்மை வெளியே தள்ளும், கடந்ததும் உள்ளே இழுக்கும். பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை எடையை வைத்துக்கொண்டு அவரால் சட்டென்று பிரேக் பிடிக்க முடியாது, விலகவும் முடியாது. நம்மால் முடியும். கைப்பிடியில் ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் வண்டி வந்தால் தாரை விட்டுச் சரளையில் இறங்கி நின்றுவிட வேண்டும். 15 நாளில் நாற்பது ஐம்பது தடவை இறங்கியிருப்பேன். இறங்கிய ஒவ்வொரு தடவையும் ஓட்டுநர் கை தூக்கினார். நம்மூர் நான்குவழிச் சாலையில் எனக்கு இதுவரை யாரும் கை தூக்கியதில்லை. தூக்கியதெல்லாம் வேறு அர்த்தத்தில்.

காற்றைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அங்கே ஏற்றம் பெரிதாக இல்லை. மதுராவுக்கு முன் மேட்டுநிலத்திலிருந்து கீழே இறங்குவோம், யூக்ளாவில் மறுபடி ஏறுவோம், அவ்வளவுதான். மலையின் வேலையைக் காற்று செய்கிறது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் என்று நம்பித்தான் மேற்கிலிருந்து கிழக்கே போனேன். பாதி நாள் அப்படி வீசியது, மீதி நாள் அதன் இஷ்டத்துக்கு வீசியது. கைகுனாவிலிருந்து காக்கிள்பிடிக்கு வெறும் 65 கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம் ஆனது. ஆரல்வாய்மொழிக்காரன் என்ற மிதப்பெல்லாம் அன்று இறங்கிவிட்டது. ஆரல்வாய்மொழியில் காற்று எவ்வளவு அடித்தாலும் தோவாளை தாண்டினால் விடும், வழியில் ஒரு டீக்கடையாவது வரும். இங்கே எதன் பின்னால் ஒதுங்குவது? கிலோமீட்டர்க் கல்லின் பின்னாலா?

காக்கிள்பிடியில் இன்னொரு கூத்து. கைகுனாவைத் தாண்டி எல்லை வரைக்கும் உள்ளவர்கள் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள், பெர்த்தைவிட 45 நிமிடம் அதிகம். அரசாங்கக் கணக்கில் இல்லாத நேரம். பலகையைப் பார்த்தேன், களைப்பில் கடிகாரத்தைத் திருப்பவில்லை. என் கணக்குக்குச் சமையலறை மூட அரை மணி இருந்தது, அவர்கள் கணக்குக்கு மூடிக் கால் மணி ஆகியிருந்தது. புளிக்காய்ச்சலுக்கு அன்று வேளை வந்தது.

மதுரா என்ற பெயருக்காகவே அங்கே ஒரு பொழுது கூடுதலாக உட்கார்ந்தேன். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக 1876இல் ஆரம்பித்த இடமாம். கடையில் இருந்த பெண்மணியிடம், எங்கள் ஊர்ப் பக்கமும் மதுரை இருக்கிறது என்றேன். அங்கே எவ்வளவு ஜனம் என்று கேட்டார். பத்து லட்சத்துக்கு மேல் என்றேன். "ஐயோ பாவம்" என்றார்.

யூக்ளாவில் ஒரு நாள் முழுக்கத் தங்கினேன். சைக்கிளுக்காக இல்லை. அங்கே கடற்கரை மணலில் பாதி புதைந்த ஒரு கல் கட்டடம் இருக்கிறது. 1877இல் திறந்த தந்தி நிலையம். கிழக்கே தெற்கு ஆஸ்திரேலியாவின் கம்பி, மேற்கே மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பி, இரண்டும் சந்தித்த இடம். இரண்டு பக்கமும் வெவ்வேறு மோர்ஸ் குறியீடு என்பதால் கம்பியை நேராக இணைக்க முடியவில்லை. இந்தப் பக்கத்து ஆள் செய்தியைக் கேட்டுக் காகிதத்தில் எழுதி அந்தப் பக்கத்து ஆளிடம் நீட்ட, அவர் தன் குறியீட்டில் தட்டி அனுப்பினாராம். ரயில் பாதையை ஒட்டிப் புதுக் கம்பி வந்ததும் 1927இல் மூடிவிட்டார்கள். முயல்கள் பெருகி மணல்மேட்டுச் செடியையெல்லாம் தின்றுவிட, மணல் நகர்ந்து வந்து ஊரையே மூடியது. கூரையில்லாத அந்த அறைக்குள் நின்று சுவரில் விரலால் என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தியை மூடிய அன்று எனக்கு அழுகை வரவில்லை. இங்கே என்னவோ செய்தது. அதை விடுங்கள்.

இந்தத் தந்திக் கம்பியை வழிகாட்டியாக வைத்துக்கொண்டுதான் 1896இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர் கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்குச் சைக்கிளில் 31 நாளில் போனார். நலர்பாரைச் சைக்கிளில் கடந்த முதல் ஆள் அவர். தார்ச்சாலை கிடையாது, ரோடுஹவுஸ் கிடையாது. கிளம்பியது நவம்பர் கடைசி. நிழலிலேயே ஆயிரம் டிகிரி இருந்தது என்று பிறகு சொன்னாராம். தார் கடைசித் துண்டு வரை போட்டு முடித்ததே 1976இல்தான். கட்டுரையில் அவர் பெயர் வந்திருக்கலாம்.

சமவெளியின் பெயருக்குக் கட்டுரை தந்த விளக்கமும் தப்பு. நலர்பார் என்பது 'பழங்குடி மொழிச் சொல்' இல்லை. லத்தீனில் 'நுல்லுஸ்' என்றால் இல்லை, 'ஆர்பர்' என்றால் மரம். 1860களில் வந்த ஒரு நில அளவையாளர் வைத்த பெயர். உண்மையில் நெடுஞ்சாலையில் போகிறவனுக்கு மரமே இல்லாத வெட்டவெளி நலர்பார் ரோடுஹவுஸை ஒட்டிக் கொஞ்ச தூரம்தான். மற்ற இடமெல்லாம் மரமும் புதரும்தான். மரம் இல்லாத ஊரிலா உங்கள் படத்தில் இத்தனை மரம் என்று யாரும் கேட்கவில்லையா?

சாலைக்கு எட்வர்ட் ஜான் ஐர் என்பவரின் பெயர். 1841இல் இந்தக் கரையோரமாக நடந்தே ஆல்பனி போய்ச் சேர்ந்தவர். கூடவே கடைசி வரை நடந்த வைலி ஆல்பனிப் பக்கத்துப் பழங்குடி இளைஞர். கடற்கரை மணலில் அங்குள்ள மக்கள் தோண்டி வைத்திருந்த ஊற்றுகள் இல்லையென்றால் இரண்டு பேருமே போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில் ஊற்று தோண்டிப் பழகிய ஜனத்துக்கு இது புதிதில்லை. 'மனிதக் காலடியே படாத நிலம்' என்று கட்டுரை ஆரம்பிக்கிறது. பட்டிருக்கிறது ஐயா, ஆயிரக்கணக்கான வருஷமாகப் பட்டிருக்கிறது.

எல்லை தாண்டிய பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடது பக்கம் சமவெளி, வலது பக்கம் செங்குத்தாகக் கடலில் விழும் பாறைச் சுவர். திமிங்கலம் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். போனேன், தாயும் குட்டியும் கரையோரம் மிதந்துகொண்டிருந்தன. ஈக்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கடிதம் ஆகிவிடும். பெனாங்கில் நிலத்தடி நீர் இறைக்கும் காற்றாலைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் முப்பந்தலுக்கு வந்துவிட்டது போல இருந்தது. அப்புறம் செடூனாவில் சோதனைச் சாவடி: பழம், காய்கறி எதையும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். என்னிடம் மூன்று வெங்காயம், ஒரு எலுமிச்சை, கொஞ்சம் பச்சை மிளகாய் மிச்சம். குப்பையில் போட மனசு வரவில்லை. முந்தின ராத்திரி பெனாங்கிலேயே அத்தனையையும் நறுக்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். மறுநாள் 73 கிலோமீட்டரும் வயிறு எரிந்தது.

கட்டுரைக்கு நீங்கள் வைத்திருந்த தலைப்பில் 'தன்னந்தனியாக' என்று இருந்தது. அந்த ஒரு சொல்லைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வைத்த பெயர்தான் சரியோ என்று தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். என் கடிதம் நீளம் என்று எனக்கே தெரியும். தந்தியில் சொல்லுக்குக் காசு வாங்கிய கைக்கு இவ்வளவு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வெட்டுவதானால் வெங்காயத்தை வெட்டுங்கள், திமிங்கலத்தை வெட்டுங்கள், யூக்ளாவைக்கூட வெட்டிக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் வெட்டி ஒரு வரிதான் போட முடியும் என்றால் இதைப் போடுங்கள்: பாலடோனியா – கைகுனா 182 கிலோமீட்டர், நடுவில் தண்ணீர் இல்லை, குளிர்காலத்தில் ஆளுக்கு 12 லிட்டர், டிசம்பரில் போகாதே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர் ஒருவர்,
வள்ளியூர்.